இரண்டாம் பாகத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை

தம்பி,

நீ கொழும்பிலிருந்து பேஸ்புக்கில் எழுதியதைப் படித்துவிட்டேன். என் போனில் அது வரவில்லை. கடைசி லயத்து மல்லிகா தன் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஒங்க மகன் எழுதியிருக்கிறதைப் பாருங்க, எத்தன பேரு லைக் போட்டிருக்காங்க" என்று காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். சின்ன வயதில் நீ ஒரு கரடிப் படம் பார்த்தாயாம். பெரிய படம் ஒன்றின் பேரை வைத்துப் பிழைக்க, தியேட்டர் பக்கமே போகாமல் நேரே கசெட்டில் போட்டு விற்ற மலிவான இரண்டாம் பாகமாம். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்களாம். ஆனால் நீ இன்றைக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலையில் இருப்பதற்கு அதுதான் காரணமாம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காட்டியவள் உன் சித்தியாம். அத்தனை நீளம் எழுதியவன், முதல் பாகம் என்று ஒன்று இருந்ததை அரை வரியில் முடித்துவிட்டாய். அதை யார் எங்கிருந்து அனுப்பினார்கள் என்பதற்கு அந்த அரை வரியும் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் உன் கல்யாண விஷயமாகத் தோட்டத் தலைவர் வீட்டுக்கு வந்தார். பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, மெதுவாக, நோகாமல் சொன்னார். "பாத பூசைக்கு ஜோடியாத்தான் உக்காரணும். நீங்க தனிக்கட்டை. அதனால ஒங்க தங்கச்சி சரசுவும் அவ புருசனும் உக்காரட்டும்னு பேசியிருக்கோம். தம்பியும் போன்ல சரின்னுட்டாரு." கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். அது சம்மதம் இல்லை. மணவறைக்குப் போவதற்கு முன்னால் நீ கழுவ வேண்டிய கால் என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதன் உறையை நான் ஒட்டவில்லை. உனக்கு வரப்போகிறவள் படிக்கட்டும், சரசு படிக்கட்டும், தலைவரும் வேண்டுமானால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கட்டும்.

எனக்குப் பொறாமை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லும் பெருமை அவர்களுக்கு வேண்டாம். என் கூடப் பிறந்த தங்கச்சி மேல் பொறாமை. ஒரு கார்ட்டூன் படத்து மேலும் பொறாமை. வயது போனால் இதெல்லாம் தணிந்துவிடும் என்று கோயிலில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தணியவில்லை, தணிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் இல்லை. நாளைக்கு உன் வீட்டில் உன் மனைவி எதற்காவது பொறாமைப்பட்டால் அவளைப் பார்த்துச் சிரித்துவிடாதே. தனக்குச் சேர வேண்டியது வேறு ஒருத்தரின் கையில் இருப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது வரும். அவளுக்கு என்ன சேர வேண்டியிருந்தது என்று கேள்.

உன் அப்பா காய்ச்சலில் போனபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். நீ ஓடித் திரிகிற வயதில் நான் உன்னைச் சரசுவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். போனது தப்பு என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். அவர்களுக்கு ஒரு படம் உயிர். பனிமலையில் ஒரு தாய்க் கரடியும் குட்டியும். ஆற்றில் வெள்ளம் வந்து தாயை அடித்துக்கொண்டு போய்விடும். எங்கேயோ வெகுதூரத்தில் கரை ஒதுங்குவாள். பனிக்காலம் வந்துவிடும். கரடி என்றால் பனிக்காலம் முழுக்கத் தூங்கும் பிராணி. ஆனால் இவள் தூங்கமாட்டாள். மற்றக் கரடிகள் எல்லாம் குகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ள, இவள் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மலை மலையாக நடப்பாள். கடைசியில் குட்டியிடம் வந்து சேருவாள். நான் சட்டி கழுவிக்கொண்டே அதைப் பார்த்தேன், துணி மடித்துக்கொண்டே பார்த்தேன், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இங்கிலீசு படித்தது அந்தக் கரடியிடம்தான். அவள் பேசினால் அடியில் அரபு எழுத்து ஓடும், அதைப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு இரண்டு பாஷையையும் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை உனக்கு அனுப்ப வேண்டும் என்று நான் முடிவு பண்ணியதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படம் இங்கிலீசு. லயத்தில் யாருக்கு விளங்கும்? அந்தக் காலத்தில் நாங்கள் கடிதம் குறைவாகத்தான் எழுதினோம். எழுதத் தெரியாதவர்கள் பாதிப் பேர், எழுதினால் படிக்கத் தெரியாத வீடுகள் பாதி. அதனால் டேப் ரெக்கார்டரில் பேசி அந்தக் கசெட்டை ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். நானும் அப்படியே செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, டிவியில் படத்தைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்தேன். ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு படம் முழுவதையும் தமிழில் உனக்குச் சொன்னேன். "படத்துல மலைக்கு மேல சூரியன் வந்தவொடனே இந்தக் கசெட்டைப் போடு சரசு, அப்பத்தான் சரியா வரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். குட்டி அழுகிற இடத்தில், "குட்டி அழுவுது தம்பி, நீ அழுவாத, அம்மா வர்ற எடம் இன்னும் வரல" என்றேன். படக் கசெட் ஒன்று, குரல் கசெட் ஒன்று, இரண்டையும் ஒரே துணியில் சுற்றி, ஊருக்குத் திரும்பிய ஹல்துமுல்லைப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவள் நல்லவள், இரண்டையும் கொண்டுவந்து சேர்த்தாள்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நான் குவைத்தில் வேலை செய்துகொண்டே நினைத்துக்கொள்வேன், இந்த நேரம் என் குரலைத் தம்பி கேட்டுக்கொண்டிருப்பான் என்று. சரசு தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, படம் போடுகிற டெக் வைத்திருந்த மேல் லயத்து வீட்டுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள் என்று. பிறகு ஊரிலிருந்து ஒரு குரல் கசெட் வந்தது. அதில் நீ பேசினாய். "அம்மா, சித்தி பதுளைக்குப் போயி ரெண்டாவது படம் வாங்கிட்டு வந்திருக்கு. அதுலயும் அதே குட்டிக் கரடிதான். மொத படத்தவிட இதுதான் நல்லாருக்கு. சித்திதான் கதை சொல்லுது." உனக்குப் பின்னால் சரசு சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுச் சமையலறையில் நின்று அதைக் கேட்டேன். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். என் பொறாமைக்குப் பிறந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், அந்தச் சமையலறையைத்தான் சொல்வேன்.

நான் திரும்பி வந்த அன்று நீ சரசுவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாய். வா என்றேன், வரவில்லை. லயத்துச் சனம் எல்லாம் கூடிவிட்டது. கூட்டத்தில் இருந்த ஒரு பெரிசு, வாயைக் கட்ட முடியாத ஆள், "என்னடா பயலே முழிக்கிற, ஒங்கம்மாதாண்டா. ரெண்டாம் பாகம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சரசுவும் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த மனுசன் செத்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. அவருடைய சாவுக்கு நான் போனேன், அழவில்லை.

இனி அந்தப் படத்தைப் பற்றிப் பேசலாம். நீ படித்தவன், இந்தத் தொழிலில் இருக்கிறவன். ஆனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கும் உரிமை உண்டு. நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதைப் போன வருசம் என் போனிலேயே தேடி எடுத்து, குறை கண்டுபிடிப்பதற்கென்றே உட்கார்ந்து பார்த்தேன். கண்டுபிடித்தேன். முதல் படத்தில் பனி விழுந்தால் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு விதமாக விழும். இரண்டாவதில் ஒரே பனி திரும்பத் திரும்ப விழுகிறது, அதே துளிகள், அதே வரிசையில். முதலில் காட்டில் அத்தனை மிருகங்கள். இரண்டாவதில் கூட்டம் கூடினால் அதே நாலு முயல்கள்தான் இடம் மாறி நிற்கின்றன. முதல் படத்து ஓநாய் செத்துவிட்டது, அதனால் அதற்கு ஒரு தம்பி ஓநாயைக் கொண்டுவந்து விட்டார்கள். குட்டிக் கரடியின் குரல்கூட வேறு பிள்ளையின் குரல். அதே முகத்தை வைத்துக்கொண்டு வேறு தொண்டையில் பேசினால் நீ ஏமாந்துவிடுவாய், நான் ஏமாறமாட்டேன்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது நீ சிரித்தாய். "அம்மா, அவங்களுக்குக் குடுத்த காசு அவ்வளவுதான். அதுக்குள்ள அவங்க என்ன செஞ்சாங்கன்னு பாருங்க" என்றாய். எனக்கு எது பொறுக்கவில்லை என்று உனக்கு அப்போதும் விளங்கவில்லை. அந்தத் தாய்க் கரடியை அவர்கள் என்ன செய்தார்கள்? முதல் படத்தில் பனிக்காலம் முழுக்கத் தூங்காமல் நடந்தவளை, இரண்டாவது படத்தில் ஆரம்பம் முதல் கடைசிவரை தூங்கவைத்துவிட்டார்கள். குகைக்குள் ஒரு ஓரமாகப் படுத்திருக்கிறாள். தூங்குகிறவளுக்கு நடை வரைய வேண்டாம், வாய் வரைய வேண்டாம், பேசுவதற்கு ஆள் பிடிக்க வேண்டாம். ஒரே படத்தை வைத்துக்கொண்டு வயிறு மட்டும் ஏறி இறங்கினால் போதும். முதல் படத்தில் இரண்டு இடத்தில் வந்து சிரிப்புக் காட்டிவிட்டுப் போன முள்ளம்பன்றி, இதில் குட்டியைப் பார்த்துக்கொள்கிறவளாக, படம் முழுக்க வருகிறாள். சோறு போடுவது அவள், பாட்டுப் பாடுவது அவள், ஓநாய்க்கு முன்னால் நிற்பது அவள். உன் சித்தி பதுளை பஸ் ஸ்டாண்டுக் கடையில் அத்தனை கசெட்டுகள் இருக்க, அதைப் பார்த்து எடுத்திருக்கிறாள். நீயும் அதுதான் நன்றாக இருக்கிறது என்றாய். நான் என்ன நினைப்பேன்? முள்ளம்பன்றியை உனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

வேறு ஒன்றும் சொல்ல வேண்டும். என் குரல் கசெட்டை நீங்கள் கொஞ்ச நாளில் போடாமல் விட்டுவிட்டீர்கள் என்று வந்த பிறகு தெரிந்துகொண்டேன். அது அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது. சரசுவிடம் கேட்டேன். "ஒன் குரல் பின்னுக்கு நின்னுருச்சுக்கா" என்று மட்டும் சொன்னாள். அது என்ன பதில்? நான் மேலே கேட்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்திவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். நீ ஓ.எல். பரீட்சை எழுதி முடிக்கும்வரை அவள் கல்யாணம் கட்டாமல் இருந்ததைக்கூட, உன்னை விட மனசில்லாத பேராசை என்றுதான் மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். பிறகு பசறையில் கடை வைத்திருக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் போன அன்று நீ சாப்பிடவில்லை. நான் குவைத்துக்குப் போன அன்று நீ சாப்பிட்டாயா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நிரோஷா வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மாமியார் வீட்டுக்கு வந்துபோகிற பெண்ணை இந்த லயம் இப்போதுதான் பார்க்கிறது, பேசிக்கொண்டார்கள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. வந்தவுடன் கோப்பை கழுவப் பாயாமல் உட்கார்ந்து பேசினாள். சரசுவும் அன்றைக்குப் பசறையிலிருந்து வந்திருந்தாள், உன் கல்யாணத்துக்குத் தன் புருஷன் இப்போதே பட்டு வேட்டி எடுத்துவிட்டார் என்று சொன்னாள். நிரோஷாதான் போனை எடுத்தாள். "அத்தை, இவர் எழுதியிருந்தாரே அந்தப் படம், எனக்குக் கிடைச்சிருச்சு. பாப்பமா" என்றாள். மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். அதே பனி, அதே நாலு முயல்கள். நான் பார்க்காத மாதிரி வெற்றிலையைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

குகை வந்தது. தாய்க் கரடி படுத்திருந்தாள், வயிறு ஏறி இறங்கியது. படத்தில் அந்த இடத்தில் பேச்சே கிடையாது, காற்றுச் சத்தம் மட்டும்தான். அப்போது என் பக்கத்தில் என் குரல் கேட்டது.

"என்னா கண்ணு, முழிச்சிட்டியா? நான் தூங்கலடா. கண்ணை மூடிக்கிட்டு ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். சித்தி சோறு குடுத்தாளா? பல்லு வெளக்கினியா? பொய் சொல்லாத, இங்கேருந்தே எனக்குத் தெரியும்."

சரசு பேசிக்கொண்டிருந்தாள். தெரிந்து பேசவில்லை, படத்தைப் பார்த்தவுடன் வாய் தானாகப் பேசியது. நான் பேசுகிற மாதிரியே, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்னா கண்ணு" என்று கடைசியில் இழுத்து. நிரோஷா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சித்தி, அப்படியே அத்தை மாதிரி பேசுறீங்க" என்றாள். சரசு சட்டென்று வாயை மூடிக்கொண்டு, முறுக்கு எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். நான் வெற்றிலையை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

"என்னாடி அது?"

"என்னா?"

"கரடிக்குப் பேசினியே, அது."

அவள் முறுக்கு இருந்த தகரப் பேணியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். "மொத படத்துக்கு நீ பேசி அனுப்பினதத்தான் போட்டோம். ரெக்கார்டர்ல பேட்டரி தேஞ்சுபோச்சுன்னா ஒன் குரல் இழுத்துக்கிட்டு நிக்கும்கா. கரடி ஆத்தத் தாண்டி அக்கரைக்குப் போயிருக்கும். நீ இன்னும் இக்கரையில நின்னுக்கிட்டு, இப்ப எறங்கப் போவுது பாரு தம்பின்னு சொல்லுவ. லயத்துப் புள்ளைங்க எல்லாம் சிரிக்கும். இவனுக்குக் கோவம் வந்துரும். எங்கம்மாவப் பாத்துச் சிரிக்காதீங்கடான்னு ஒரு பயலைக் கடிச்சே வச்சிட்டான். அதான் நிப்பாட்டிட்டேன்."

"அதுக்குப் பெறகு?"

"பெறகு படமே வேணாம்னுட்டான். அழுது கெடந்தான். பதுளையில ரெண்டாவது படம்னு கண்டேன், வாங்கிட்டு வந்தேன். போட்டா அந்தக் கரடி தூங்கிக்கிட்டே கெடக்கு. அம்மா ஏன் பேச மாட்டேங்குதுன்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்றது? பேசினேன்."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"முள்ளம்பன்னி வந்தாலே ஓட்டிவிடச் சொல்லுவான்கா. இது வேணாம், குகைக்குப் போ, குகைக்குப் போன்னு அடம். அந்தத் தூங்குற எடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டு கசெட்டே அந்த எடத்துல தேஞ்சுபோச்சு. மலைக்குப் போயி கொழுந்து எடுத்து, வந்து சோறாக்கி, தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறினவ நான். அவன் பாத்தது தூங்குறவளை. எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. ஒங்கிட்டச் சொல்லல. சொன்னா நீ சந்தோசப்படுவ."

அவள் சொன்னது சரி. நான் சந்தோசப்பட்டேன். அந்த இடத்திலேயே, முறுக்குப் பேணிக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோசம். நல்ல மனுசியாக இருந்தால் தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். நான் பேணியை வாங்கி மூடியைத் திறந்து கொடுத்தேன், அது எப்போதும் இறுகிக்கொள்கிற மூடி. அவ்வளவுதான் செய்தேன்.

ஆனால் அவள் பஸ் ஏறிப் போன பிறகு சந்தோசம் வடிந்து, பழையபடி பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது, முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் கடல் தாண்டி இருந்துகொண்டு உனக்குப் பேசி அனுப்பியது பிந்தி வந்து பிள்ளைகளின் சிரிப்புக்கு ஆளானது. பல் விளக்கினாயா என்று உன்னிடம் கேட்ட குரலுக்கு உடம்பு என்னுடையது இல்லை. நான் இல்லாத காலத்தில் என்னை உனக்குக் காட்டிக்கொண்டே இருந்தவள் அவள். இத்தனை வருசமும் அவள் என் இடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று கறுவிக்கொண்டிருந்தேன். பிடித்திருந்தால் சண்டை போட்டு வாங்கியிருப்பேன். அவள் அந்த இடத்தில் என்னையே உட்காரவைத்துவிட்டு வெளியே நின்றிருக்கிறாள். இதற்கு நான் எப்படிச் சண்டை போடுவது? என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்தவள் மேல் வருகிற எரிச்சல் சின்ன எரிச்சல் இல்லை, தம்பி. உன் தொழிலில் உனக்கும் ஒரு நாள் அது வரும். அப்போது அதை நியாயம் என்று பேர் வைத்துக்கொள்ளாதே.

உன்னிடமும் எனக்குக் கேள்வி உண்டு. இதை ஏன் நீ எழுதவில்லை? சித்தி பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள் என்று எழுதினாய். யாருடைய குரலில் பேசினாள் என்று எழுதவில்லை. சின்னப் பிள்ளை, மறந்துவிட்டாய் என்றால் சரி. மறக்கவில்லை, அம்மாவுக்கு நோகும் என்று விட்டுவிட்டாய் என்றால் அது சரியில்லை. நோகட்டும். எனக்கு நோகாமல் இருக்க வேண்டும் என்று எல்லாரும் எதையாவது மறைத்து வைத்து, நான் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, அதில் மீதியை நானே கற்பனை பண்ணி, தங்கச்சியோடு இத்தனை வருசம் முகம் திரும்பியிருந்தேன். நீ நிரோஷாவிடம் இப்படி எதையும் மறைக்காதே. அவள் கேட்டு அழட்டும், கத்தட்டும், கோப்பையை உடைக்கட்டும். பாதி சொல்லிவிட்டு மீதியை அவளுடைய யோசனைக்கு விட்டுவிடாதே.

படம் மட்டமான படம்தான், அதில் எனக்கு மாற்றமில்லை. அந்தப் பனியையும் முயலையும் யாரும் எனக்கு நல்லது என்று விற்க முடியாது. அதை வரைந்தவர்கள் தாயைத் தூங்கவைத்தது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்துக்குள் புகுந்து பேசியவள் சரசு. உனக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தது அந்தக் கசெட் என்றால் நான் நம்பமாட்டேன். இல்லாத பேச்சை எங்கே வைப்பது என்று நீ அவளிடம்தான் படித்திருப்பாய். அப்படி எழுது. திருத்தி எழுது. திருத்தும்போது முதல் படத்துக்கு அரை வரி போதாது என்பதையும் நினைவில் வை.

பாத பூசைக்கு வருவோம். சரசுவுக்குப் போன் பண்ணினேன். எடுத்தவுடன், "அக்கா, நான் உக்காரல, நீயே உக்காரு. தலைவர்ட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். நான் கோபத்தோடு போனை வைத்துவிட்டேன். அவள் விட்டுக்கொடுத்து எனக்கு ஒரு நாற்காலி வேண்டாம். உன்னைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியவள் உன் கல்யாணத்தில் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள், ஊரெல்லாம் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டும், நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன் என்றால், அன்றைக்கும் ஜெயித்தவள் அவள்தான். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். தனிக்கட்டை உட்காரக்கூடாது என்கிறார்கள். புருஷன் போனவளின் காசு ஆகாது என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நீ படித்ததும் அதில்தான், இந்தக் கோயிலுக்குக் கூரைத் தகடு போட்டதிலும் அதில் கொஞ்சம் இருக்கிறது. கால் மட்டும் எப்படி ஆகாமல் போனது?

ஆகவே இப்படிச் செய். இரண்டு நாற்காலி போடச் சொல். ஒன்றில் நான், மற்றதில் சரசு. ஜோடி வேண்டும் என்றார்கள், இதோ ஜோடி. உன்னைப் பெற்று வளர்த்தது நாங்கள் இரண்டு பேரும்தான், மூன்றாவதாக ஒருத்தர் அந்த வேலையில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவளுடைய புருஷன் நல்ல மனுசன், பட்டு வேட்டியோடு பின்னால் நிற்கட்டும், போட்டோவில் எடுப்பாகத் தெரிவார். முதலில் என் கால். இதில் பேச்சுக்கு இடமில்லை, நான் மூத்தவள். பிறகு அவள் கால். அதை அவசரமாகக் கழுவிவிடாதே. கொழுந்து மலையில் அட்டை கடித்த தழும்புகள் அவள் காலில் இருக்கும். அவற்றை நீ கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

தலைவரிடம் இதை நீயே பேசு. சரசு பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன். அன்று ஒரு சரி சொன்னது உன் வாய், இன்று இல்லை சொல்ல வேண்டியதும் அதே வாய். அவர் முறை என்பார், ஊர் என்பார், ஐயர் என்ன சொல்வாரோ என்பார். நீ தடுமாறினால் எனக்குத் தெரிந்துவிடும், இந்த லயத்தில் எதுவும் சாயந்திரத்துக்குமேல் மறைந்திருக்காது. நீ பேசாவிட்டால் நான் கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமல் இருப்பேன் என்று மட்டும் கணக்குப் போடாதே. வருவேன். சரசுவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நானும் உட்காருவேன். ஊர் மொத்தமும் நிற்கும். நீ செம்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது, எந்தக் காலுக்கு முன்னால் முதலில் குனிய வேண்டும் என்று அங்கே ஒருத்தரும் சொல்லித்தராமல் உனக்கே தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.